இந்தத் துண்டறிக்கையில் நான் எங்கே இருக்கிறேன்?

(மாணவர் வாசிப்பு வட்டமொன்றின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாதி மறுப்புத் திருமணம் செய்த இணையர்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்று நாம் ஒரு தீர்மானம் எழுதிக்கொண்டிருக்கிறோம். அதில் உள்ள ஒரு வரியை வைத்து இரண்டு கூட்டங்களாகச் சண்டை நடக்கிறது. 'குடும்பத்தின் வன்முறைக்கு ஆளாகும் தன்பால் இணையர்களையும் இதே சட்டம் காக்க வேண்டும்' என்பதுதான் அந்த வரி. அதை எதிர்க்கும் தோழர்கள் யாரும் தன்பால் ஈர்ப்பைத் தவறென்று சொல்லவில்லை. 'சரிதான், ஆனால் இப்போது வேண்டாம். ஊருக்குள் போனால் இந்த ஒரு வரியைக் காட்டியே நம்மை விரட்டிவிடுவார்கள். முதலில் சட்டம் வரட்டும், பிறகு சேர்த்துக்கொள்வோம்' என்கிறார்கள். ஆக, இது கொள்கையைப் பற்றிய சண்டை இல்லை. உத்தியைப் பற்றிய சண்டை.

இரண்டு கூட்டத்திலும் நான் வாய் திறக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. நானே இப்படி ஒரு வரியை எடுத்தவன்.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியில் ஒரு பையனும் பெண்ணும் சாதி மறுத்துத் திருமணம் செய்துகொண்டார்கள். பையன் சேரியைச் சேர்ந்தவன். பெண் வீட்டார் கொலை மிரட்டல் விட்டார்கள். கண்டனக் கூட்டத்துக்குத் துண்டறிக்கை எழுதும் வேலை என்னிடம் வந்தது. கடைத்தெருவில் எல்லாச் சாதிக்காரர்களும் வாங்கிப் படிக்க வேண்டுமே என்று 'தலித்' என்ற சொல்லை எடுத்துவிட்டேன். சாதி என்ற சொல்லும் போனது. 'காதலர்களைப் பிரிக்காதே', 'மனித நேயம் காப்போம்' என்று அச்சடித்தோம். அந்தப் பையன் ஒன்றை வாங்கிப் படித்தான். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான். பிறகு கேட்டான்: "அண்ணே, இதுல நான் எங்க இருக்கேன்?"

என்னிடம் பதில் இல்லை. கூட்டத்துக்கும் ஆள் வரவில்லை. அந்தக் கேள்வியோடுதான் இன்று அமெரிக்காவில் நடந்த ஒரு வாக்கெடுப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

2008 மே மாதம் கலிபோர்னியா மாநில உச்ச நீதிமன்றம், தன்பால் இணையர்களுக்கும் திருமண உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. ஜூன் மாதம் சான் பிரான்சிஸ்கோவில் முதலில் மணம் முடித்தவர்கள் டெல் மார்ட்டின், ஃபிலிஸ் லயன் என்ற இரு பெண்கள். ஒருவருக்கு 87 வயது, மற்றவருக்கு 83. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தவர்கள். இரண்டே மாதத்தில், ஆகஸ்டில், டெல் மார்ட்டின் இறந்துபோனார்.

இந்த உரிமையைப் பறிக்க எதிர்த்தரப்பு மக்கள் வாக்கெடுப்பைக் கொண்டுவந்தது. '8-ஆவது முன்மொழிவு' என்று அதற்குப் பெயர். திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் மட்டுமே என்று மாநில அரசமைப்பில் எழுதிவிட வேண்டும் என்பது கோரிக்கை. 'ஆம்' என்றால் உரிமை போகும், 'இல்லை' என்றால் உரிமை நிற்கும். இரு தரப்பும் சேர்ந்து 8 கோடி டாலருக்கு மேல் செலவழித்தன. 2008 நவம்பர் 4 அன்று, ஒபாமா வென்ற அதே நாளில், ஏறத்தாழ 52 விழுக்காடு வாக்குகளோடு 'ஆம்' வென்றது. அதற்குள் சுமார் 18,000 இணையர்கள் மணம் முடித்திருந்தார்கள்.

எப்படித் தோற்றார்கள்? அதைப் பற்றிய விவாதம் பல ஆண்டுகள் நடந்தது. அதன் மையத்தில் இருந்தது ஒரு விளம்பரம். பள்ளியிலிருந்து வரும் சிறுமி அம்மாவிடம் ஒரு கதைப் புத்தகத்தைக் காட்டுகிறாள். ஒரு இளவரசன் இன்னொரு இளவரசனைக் கல்யாணம் செய்துகொள்ளலாமாம், நானும் ஒரு இளவரசியைக் கட்டிக்கொள்ளலாமாம் என்கிறாள். அம்மாவின் முகம் மாறுகிறது. அவ்வளவுதான். 'உன் பிள்ளையைத் தொடப் போகிறார்கள்' என்ற அச்சம் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

உரிமைத் தரப்பின் விளம்பரங்களில் யார் வந்தார்கள்? மகளுக்காகப் பேசும் வயதான பெற்றோர் வந்தார்கள். மாநிலக் கல்வித்துறைத் தலைவர் வந்தார், இதற்கும் பள்ளிக்கும் தொடர்பில்லை என்றார். செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் வந்தார். திருமணம் பற்றி உங்கள் கருத்து எதுவாகவும் இருக்கட்டும், பாகுபாட்டுக்கு மட்டும் துணைபோகாதீர்கள் என்ற பொருளில் பேசினார். யாருடைய திருமணத்துக்காக இத்தனை கோடி செலவானதோ அந்த இணையர்கள் மட்டும் திரையில் ஏறக்குறைய இல்லவே இல்லை.

இதை முட்டாள்தனம் என்று சொல்லிக் கடந்துவிடக் கூடாது. பரப்புரையை நடத்தியவர்களுக்குக் கணக்கு இருந்தது. இரண்டு ஆண்களையோ இரண்டு பெண்களையோ சேர்த்துக் காட்டினால், இரு மனதாக இருப்பவர்கள் விலகிப்போவார்கள் என்று பயந்தார்கள். 'உரிமை', 'பாகுபாடு' என்று பேசினால் எல்லோரும் கேட்பார்கள் என்று நம்பினார்கள். நானும் துண்டறிக்கையில் அதே கணக்கைத்தான் போட்டேன்.

கணக்கு எங்கே பிசகியது? தோல்விக்குப் பிறகு டேவிட் ஃபிளெய்ஷர் என்ற களப்பணியாளர் விரிவான ஆய்வறிக்கை ஒன்றை எழுதினார். கடைசி வாரங்களில் அந்தப் பக்கம் சாய்ந்தவர்களில் பெரும்பகுதியினர் வீட்டில் சிறு பிள்ளைகள் உள்ள பெற்றோர்கள் என்று அவர் காட்டினார். யோசித்துப் பாருங்கள். ஒருவர் மனதில் பயம் இருக்கிறது. அந்தப் பயத்தின் முன்னால் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர், அவர்கள் வளர்க்கும் பிள்ளை, அவர்கள் போய்வரும் பள்ளி என்று ஒரு வாழ்க்கை நின்றிருந்தால் பயம் கொஞ்சம் தடுமாறியிருக்கும். இவர்கள் அந்த இடத்தைக் காலியாக விட்டார்கள். காலி இடத்தில் எதிர்த்தரப்பு பூதத்தை வரைந்தது. ஆளைக் காட்டாமல் இருந்ததே, 'காட்டக்கூடாத ஏதோ இருக்கிறது' என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது.

இதைவிட நமக்கு முக்கியமானது தோல்விக்கு மறுநாள் நடந்தது. வாக்களித்துவிட்டு வந்தவர்களிடம் எடுத்த கணிப்பு ஒன்று, கறுப்பினத்தவரில் 70 விழுக்காட்டினர் 'ஆம்' என்று போட்டதாகச் சொன்னது. உடனே பழி அவர்கள் மேல் விழுந்தது. 'ஒபாமாவுக்கு ஓட்டுப் போட வந்தவர்கள் எங்கள் உரிமையைப் பறித்துவிட்டார்கள்' என்றார்கள் வெள்ளை முற்போக்காளர்கள் சிலர். 2009 தொடக்கத்தில் பேட்ரிக் ஈகன், கென்னத் ஷெரில் என்ற இரு அரசியல் அறிவியலாளர்கள் தரவுகளை மறுபடி ஆராய்ந்தார்கள். உண்மை அளவு 58 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும், இனத்தைவிடக் கோயில்குளப் பழக்கம், வயது, அரசியல் சார்பு ஆகியவையே வாக்கைத் தீர்மானித்தன என்று காட்டினார்கள். வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாத ஒரு சமூகத்தின் தலையில் மொத்தத் தோல்வியையும் கட்டினார்கள்.

இந்தப் பழியில் இன்னொரு கொடுமையும் இருந்தது. 'கறுப்பினத்தவர்', 'தன்பால் ஈர்ப்பாளர்' என்று இரண்டு தனித்தனிக் கூட்டம் இருப்பதுபோலப் பேசியதில், இரண்டுமாக இருப்பவர்கள் காணாமல் போனார்கள். பேயர்ட் ரஸ்டினை நினைத்துக்கொள்ளுங்கள். 1963 வாஷிங்டன் பேரணியைக் கட்டியெழுப்பிய அமைப்பாளர். தன்பால் ஈர்ப்பாளர் என்பதால் 1960-இல் மார்ட்டின் லூதர் கிங்கின் வட்டத்திலிருந்தே விலக வைக்கப்பட்டவர். பேரணிக்குச் சில வாரங்கள் முன்பு, நிறவெறி செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் அவரைக் குறிவைத்து அவையில் பேசினார். அந்த முறை பேரணித் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப் ரஸ்டினைக் கைவிடவில்லை. ஆள் விலகி ஓடவும் இல்லை, பேரணி சிறுக்கவும் இல்லை. இரண்டரை லட்சம் பேர் வந்தார்கள்.

தோழர்களில் ஒருவர் போன கூட்டத்தில் கேட்டார்: 'சிறுபான்மையின் உரிமையைப் பெரும்பான்மையின் ஓட்டுக்கு விடுவதே தப்பில்லையா?' தப்புதான். அமெரிக்காவில் 1967-இல் உச்ச நீதிமன்றம் கறுப்பர்-வெள்ளையர் திருமணத் தடைகளை ஒழித்தது. மறு ஆண்டு எடுத்த கேலப் கணிப்பில் அத்தகைய திருமணங்களை ஏற்றவர்கள் 20 விழுக்காட்டினர்தான். செத்துப்போன அந்தத் தடையை அலபாமா மாநிலம் தன் அரசமைப்பிலிருந்து நீக்க 2000-இல் வாக்கெடுப்பு நடத்தியபோதும், பத்தில் நான்கு பேர் 'நீக்காதே' என்றார்கள். நம் ஊரில் சாதி மறுப்புத் திருமணத்தை ஊர்க்கூட்டத்தில் ஓட்டுக்கு விட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கலிபோர்னியா வாக்களித்ததற்குச் சரியாக 60 ஆண்டுகளுக்கு முன், 1948 நவம்பர் 4 அன்று, அரசமைப்பு வரைவை அவையில் முன்வைத்து அண்ணல் அம்பேத்கர் பேசினார். அரசமைப்பு அறம் தானாக முளைப்பதில்லை, பயிற்றி வளர்க்க வேண்டியது என்றார். 2018-இல் 377-ஆவது பிரிவின் பிடியிலிருந்து தன்பால் ஈர்ப்பாளர்களை நம் உச்ச நீதிமன்றம் விடுவித்தபோது அந்த அரசமைப்பு அறத்தைத்தான் ஊன்றுகோலாகப் பிடித்தது.

ஆனால் ஓட்டு தப்பு என்று சொல்லிவிட்டு வீட்டில் உட்கார முடியாது. 2023 அக்டோபர் 17 அன்று அதே உச்ச நீதிமன்றம், தன்பால் திருமணத்தை நாடாளுமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டது. நாடாளுமன்றம் என்றால் ஓட்டு. ஓட்டு என்றால் நம் தெரு.

தெருவில் என்ன செய்வது? கலிபோர்னியாவில் தோற்றவர்கள் செய்த ஒரு நல்ல காரியம் இதுதான்: தங்களை எதிர்த்து வாக்களித்த பகுதிகளுக்கே போய்க் கதவைத் தட்டினார்கள். 'ஏன் அப்படிப் போட்டீர்கள்?' என்று கேட்டார்கள். வாதம் செய்யவில்லை. அவர் கதையைக் கேட்டார்கள், தங்கள் கதையைச் சொன்னார்கள். இப்படிப்பட்ட உரையாடல் பற்றி வெளிவந்த ஒரு ஆய்வு மோசடி என்று 2015-இல் தெரிந்து திரும்பப் பெறப்பட்டது. மோசடியைக் கண்டுபிடித்த புரூக்மேன், கல்லா என்ற இளைஞர்களே மயாமியில் திருநர் உரிமை குறித்து நேர்மையாக ஆய்வு செய்து 2016-இல் வெளியிட்டார்கள். சுமார் பத்து நிமிட உரையாடல் உண்டாக்கிய மாற்றம் மூன்று மாதங்களுக்குப் பிறகும் நின்றது. பேசியவர் திருநராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் பலன் இருந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கதவு தட்டும் சுமை முழுவதையும் பாதிக்கப்பட்டவர் தோளில் ஏற்ற வேண்டியதில்லை.

30-க்கும் மேற்பட்ட மாநில வாக்கெடுப்புகளில் தோற்ற இயக்கம், 2012 நவம்பரில் மெய்ன், மேரிலாந்து, வாஷிங்டன், மினசோட்டா என நான்கு மாநிலங்களில் வென்றது. 'சலுகை, சட்ட உரிமை' என்ற பேச்சைக் குறைத்து, 'உங்களைப் போலவே நாங்களும் அன்புக்காகத்தான் மணக்கிறோம்' என்று மனிதர்களை முன்னால் நிறுத்தினார்கள். 2015 மே 22 அன்று, 1993 வரை தன்பால் உறவைக் குற்றமாக வைத்திருந்த கத்தோலிக்க அயர்லாந்தில், 62 விழுக்காடு பேர் 'ஆம்' என்றார்கள். அங்கே முன்னாள் குடியரசுத் தலைவர் மேரி மெக்கலீஸ் தன் மகனைப் பற்றிப் பேசினார். சுகாதார அமைச்சர் லியோ வரத்கர் வானொலியில் தன்னை வெளிப்படுத்திக்கொண்டார். சாதாரணத் தாய் தகப்பன்கள் தெருவில் இறங்கினார்கள்.

வெற்றியிலும் வலி இல்லாமலில்லை. 'என் வாழ்க்கையை ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று முன்பின் தெரியாதவர் வாசலில் நின்று கேட்பது எவ்வளவு அவமானம்! நமக்கு அது புரியும். பார்ப்பதற்கு 'நல்ல குடும்பம்' மாதிரி இருக்கும் இணையர்களையே முன்னிறுத்தும் ஆபத்தும் உண்டு. அதனால்தான் சொல்கிறேன், வெளியே வருவதா வேண்டாமா என்பதை அவரவர் முடிவு செய்யட்டும். யாரையும் நாம் மேடைக்கு இழுக்கக் கூடாது. ஆனால் நிற்க வருபவரை நம் வசதிக்காகத் திரைக்குப் பின்னால் தள்ளவும் கூடாது.

கடைசியாக நம் தீர்மானத்துக்கு வருகிறேன். மதுரையில் வீட்டை விட்டு வெளியேறிச் சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கு உங்களுக்குத் தெரியும். பெற்றோர் 'காணவில்லை' என்று புகார் கொடுத்தார்கள். போலீஸ் தேடியது. சாதி மறுத்து ஓடிவந்த இணையருக்கு நடப்பது அப்படியே அவர்களுக்கும் நடந்தது. வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இது புரியவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். 2021 ஜூன் 7 அன்று, வயது வந்த இத்தகைய இணையர் மீதான காணவில்லை புகார்களைத் துன்புறுத்தாமல் முடித்துவைக்க வேண்டும் என்று காவல்துறைக்கு உத்தரவிட்டார். ஒரு நீதிபதி மாற முடியும் என்றால் நம் தெருக்காரர் மாற மாட்டார் என்று நாமே முடிவு கட்டுவது ஏன்?

'முதலில் இது, பிறகு அது' என்ற வாக்கியத்தை நாம் எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறோம்! முதலில் விடுதலை, பிறகு சாதி ஒழிப்பு என்றார்கள். முதலில் வர்க்கம், பிறகு சாதி என்றார்கள். அந்தப் 'பிறகு' இன்னும் வரவில்லை. கலிபோர்னியாவில் அந்தப் பழைய வாசகத்தை அரசமைப்பிலிருந்து மக்களே வாக்களித்து நீக்கியது 2024 நவம்பரில்தான். 62 விழுக்காட்டுக்கும் மேல் ஆதரவு. 16 ஆண்டுகள் ஆயின. டெல் மார்ட்டின் மட்டுமல்ல, ஃபிலிஸ் லயனும் அதற்குள் இறந்துவிட்டார்.

அந்த வரி தீர்மானத்தில் இருக்கட்டும் என்பது என் வாக்கு. ஊருக்குள் போய் அதை விளக்கும் வேலையை என்னிடம் கொடுங்கள். நான்கு கதவு அடைபடும், தெரியும். ஐந்தாவது கதவுக்குப் பின்னால் இன்னும் யாரிடமும் சொல்லாத ஒரு பிள்ளை நின்று கேட்டுக்கொண்டிருக்கலாம். துண்டறிக்கையை வாங்கித் திருப்பிப் பார்க்கும்போது, இந்த முறையாவது அந்தப் பிள்ளை தன்னைத் தேட வேண்டியிருக்கக் கூடாது.