தீவாந்தரம் போனவர்களின் வம்சத் தேடல்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாண நீதிமன்றங்கள் விதித்த தண்டனைகளில் தூக்குக்கு அடுத்தபடியாக மக்கள் அஞ்சியது தீவாந்தர சிட்சை. கொலை, கூட்டுக் கொள்ளை, கலகம் ஆகிய குற்றங்களில் சிக்கியவர்களைக் கப்பலேற்றிக் கடலுக்கு அப்பால் அனுப்பிவிடுவார்கள். சுமத்ராவின் பெங்கூலன், பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர், 1858க்குப் பிறகு அந்தமான் என்று போகுமிடம் காலத்துக்குக் காலம் மாறியது. போனவர்களில் மிகப் பலர் திரும்பி வரவில்லை. அக்கரையில் பிறந்த சந்ததிக்குப் பூர்வீக ஊர் எதுவென்று தெரியாது. இக்கரையில் தங்கிவிட்ட சந்ததிக்குப் போனவர் என்ன ஆனார் என்று தெரியாது. இவ்விரண்டு அறியாமைகளுக்கும் நடுவே, பழைய காகிதங்களைக் கொண்டு பாலம் போடுவதே இந்த வம்சத் தேடல்.

வட சென்னைக் கடற்கரைக்கு இதில் தனி இடம் உண்டு. சென்னையில் செயற்கைத் துறைமுகம் கட்டும் வேலை 1875இல்தான் தொடங்கியது. அதற்கு முன் கப்பல்கள் அலை உடையும் இடத்தைத் தாண்டி ஆழ்கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். சரக்கு மூட்டையோ சிப்பாயோ விலங்கிட்ட கைதியோ, எதுவானாலும் மசூலாப் படகில்தான் கப்பலைச் சேர வேண்டும். ஆணியே அடிக்காமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலை மோதினால் பிளந்துவிடாமல் நெளிந்து கொடுக்கும். அதைச் செலுத்தியவர்கள் இந்தக் கரையோரத்துப் படகோட்டிகள். அவர்களில் கத்தோலிக்கராக இருந்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுப்பியதுதான் இராயபுரத்துப் புனித இராயப்பர் ஆலயம். ஆக, கைதியைக் கப்பலில் கொண்டுபோய் விட்டவரும் கைதியாகப் போனவரும் ஒரே குப்பத்தில் பிறந்தவர்களாக இருந்திருக்கலாம். இந்தக் கரையில் வம்சம் தேடுவோர் இந்தச் சாத்தியத்தை முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

தேடல் தொடங்க வேண்டிய இடம் ஆவணக் காப்பகம் அல்ல, வீட்டுப் பெட்டி. தமிழ்நாட்டுக் குடும்பங்களில் வம்ச வரலாறு தங்கியிருப்பது பெரும்பாலும் நிலப் பத்திரத்தில். பழைய தாய்ப்பத்திரங்கள் விற்பவரையும் வாங்குபவரையும் இன்னார் குமாரர், இன்னார் பேரன் என்று தகப்பன், பாட்டன் பெயரோடு எழுதும். நான்கு எல்லை சொல்லும்போது பக்கத்து மனைக்காரர்களின் பெயரையும் எழுதும். அந்தப் பக்கத்து மனைக்காரர் பல நேரங்களில் சித்தப்பாவாகவோ மாமனாகவோ இருப்பார். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பின்னோக்கிப் போனால் இரண்டு மூன்று தலைமுறை எளிதாகக் கிடைத்துவிடும். இராயபுரம் பகுதியில் இதற்குத் துணையாக வேறு காகிதங்களும் உண்டு. 1856 ஜூலை 1ஆம் நாள் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது இங்கிருந்துதான். ரயில்வேயிலும், 1905இல் அமைந்த துறைமுகப் பொறுப்புக் கழகத்திலும் வேலை பார்த்தவர்களின் பணிப் பதிவேடுகள் வயதையும் தகப்பன் பெயரையும் சொல்லும்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு பெரிய கொடை. குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர் ஆகியவற்றோடு ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர்களும் அதில் உண்டு. ஞானப்பெற்றோர் பெரும்பாலும் நெருங்கிய உறவினர் அல்லது நண்பர் என்பதால், ஒரு குழந்தையின் பதிவிலிருந்து ஒரு தெருவின் உறவுமுறையையே ஓரளவு வரைந்துவிடலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்த அளவுக்கு உதவாது. இங்கிலாந்தில் வீடு வீடாக எழுதிய பழைய படிவங்களைப் பார்த்தே குடும்பத்தைத் தேடுகிறார்கள். இங்கே 1871 முதல் கணக்கெடுப்பு நடந்தும், வீட்டுப் படிவங்கள் பாதுகாக்கப்படவில்லை; தொகுத்த எண்கள் மட்டுமே அச்சேறின.

வீட்டுக் காகிதம் முடியும் இடத்தில் நீதிமன்றக் காகிதம் தொடங்குகிறது. இங்கேதான் பலர் தவறான கட்டை அவிழ்த்துவிட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். 1862இல் உயர் நீதிமன்றம் வரும்வரை சென்னையில் இரண்டு நீதி முறைகள் ஒரே சமயத்தில் இயங்கின. பட்டண எல்லைக்குள் நடந்த குற்றத்தை 1801இல் அமைந்த உச்ச நீதிமன்றம் ஆங்கிலச் சட்டப்படி விசாரித்தது. எல்லைக்கு வெளியே கிழக்கிந்தியக் கம்பெனியின் மாவட்ட நீதிமன்றங்கள் விசாரித்தன. பெரிய வழக்குகள் பௌஜ்தாரி அதாலத் என்ற தலைமைக் குற்றவியல் மன்றத்துக்குப் போயின. இராயபுரம் பட்டணத்துக்குள் வரும். திருவொற்றியூரும் எண்ணூரும் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. கூப்பிடு தூரத்தில் இருந்த இரண்டு குப்பங்களில் ஒரே நாளில் இரண்டு அடிதடி நடந்திருந்தால், அவற்றின் காகிதங்கள் இரண்டு வெவ்வேறு வரிசைகளில் போய்ச் சேர்ந்திருக்கும். சம்பவம் எங்கே நடந்தது என்பதை உறுதி செய்யாமல் தேடுவது வீண் அலைச்சல்.

தண்டனை உறுதியானபின் காகிதம் எழும்பூரை நோக்கி நகரும். தமிழ்நாடு ஆவணக் காப்பகம் 1909 முதல் அங்கே செங்கல் நிறக் கட்டடத்தில் இயங்கிவருகிறது. பதினேழாம் நூற்றாண்டு முதலான பதிவுகள் அதில் உள்ளன. நீதித்துறை நடவடிக்கைத் தொகுதிகளுக்கு ஆண்டுவாரியாகப் பெயர்ச்சுட்டு இருக்கிறது. இத்தனை கைதிகள் சிறையில் காத்திருக்கிறார்கள், கப்பல் வேண்டும் என்று ஒரு கடிதம். இன்ன கப்பலில் இடம் பேசியாகிவிட்டது என்று ஒரு பதில். கைதிகளோடு போன பட்டியலின் நகல். இந்த மூன்றையும் ஒன்றாகக் கண்டால்தான் அக்கரைக்குத் தாண்ட முடியும். அங்கே அதே பட்டியலை வைத்துக்கொண்டு பெற்றுக்கொண்ட அதிகாரி ஒரு பதிவேடு எழுதியிருப்பார். நீரிணைக் குடியேற்றப் பதிவுகள் என்ற பெயரில் அவை சிங்கப்பூரிலும், கம்பெனியின் பிரதிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் இருக்கின்றன.

பட்டியலில் ஒருவருக்கு ஒரு வரி. கைதி எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், மாவட்டம், குற்றம், தண்டனைக் காலம், உயரம், அங்க அடையாளம். புருவத்துக்கு மேல் தழும்பு, முழங்கையில் பச்சை, காதில் துளை என்று கடைசிக் கட்டத்தில் எழுதியிருக்கும். தப்பியோடினால் பிடிப்பதற்காக எழுதிய வரி அது. ஆனால் புகைப்படம் இல்லாத காலத்தில் ஒரு சாதாரண மனிதரின் உடலைப் பற்றி யாரும் எழுதிவைத்த ஒரே வரியும் அதுதான். அரசர்களுக்கு மெய்க்கீர்த்தி உண்டு. திருவொற்றியூர்க் கோயில் சுவர்களில் கொடையாளிகளின் பெயர்கள் உண்டு. வலை இழுத்தவரின் நெற்றித் தழும்பு இந்தக் குற்றப் பட்டியலில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. 1849 வரை தீவாந்தரக் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தும் கொடுமையும் நடைமுறையில் இருந்தது. அதையும் பதிவேடு தவறாமல் குறிக்கும்.

பெயரை மட்டும் நம்பித் தேடக் கூடாது. எழுத்தர் காதில் விழுந்ததை விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். ஒரு தொகுதியில் முத்துசாமி, அடுத்ததில் மூட்டூசாமி. ழகரம் வந்தால் மூன்று விதம். முத்துசாமிகள் ஒரே கப்பலில் நான்கைந்து பேர் இருப்பார்கள். தகப்பன் பெயர், ஊர், கப்பல், தண்டனை ஆண்டு ஆகிய நான்கில் மூன்றேனும் ஒத்துப்போனால்தான் அவர் நம் முத்துசாமி என்று சொல்லலாம். இரண்டு மட்டும் ஒத்தால் அது ஊகம். ஊகம் என்றே எழுதிவைக்க வேண்டும்.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி வருகிறது. சென்னைக் கரையிலிருந்து கைதிகளைப்போலவே ஒப்பந்தக் கூலிகளும் கப்பலேறினார்கள். 1860 அக்டோபரில் இங்கிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தார். அவர்களுடைய கப்பல் பட்டியலிலும் தகப்பன் பெயர், ஊர், அங்க அடையாளம் எல்லாம் உண்டு. குற்றமும் தண்டனையும் மட்டும் இராது. கூலியாகப் போனவரைக் கைதி என்றும், கைதியாகப் போனவரைக் கூலி என்றும் குடும்பக் கதை மாற்றிச் சொல்வது சகஜம்.

ஆவணமும் மனித நினைவும் ஒன்றையொன்று தாங்கி நின்ற நிகழ்வு ஒன்று தமிழக வரலாற்றிலேயே இருக்கிறது. மருது சகோதரர்களின் எழுச்சி அடங்கியபின், 1802 பிப்ரவரியில் 73 பேர் தூத்துக்குடியிலிருந்து அட்மிரல் நெல்சன் என்ற கப்பலில் பினாங்குக்கு அனுப்பப்பட்டார்கள். சிவகங்கையின் வேங்கன் பெரிய உடையத் தேவர் அவர்களில் ஒருவர். சின்ன மருதுவின் இளம் மகன் துரைச்சாமியும் ஒருவர். கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் துரைச்சாமியைத் தூத்துக்குடியில் பார்த்தவர். 1818இல் பினாங்கு போனபோது தளர்ந்துபோன ஒரு முதியவர் தன்னைத் தேடிவந்ததையும், பெயரைச் சொல்லும்வரை அவரை அடையாளம் தெரியாததையும் 1830இல் வெளியான தம் நினைவுக் குறிப்பு நூலில் எழுதியிருக்கிறார். இடையே ஓடியவை பதினாறு ஆண்டுகள்தான். பட்டியலில் ஒரு பெயராக இருந்தவருக்குத் தீவு என்ன செய்தது என்பதை அந்தக் குறிப்பு காட்டிவிடுகிறது. கைதிப் பதிவேட்டோடு நின்றுவிடாமல், பயணக் குறிப்பு, கடிதம், செய்தித்தாள் என்று பக்கவாட்டிலும் தேட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

சிங்கப்பூர் வழித்தடம் இன்னும் தெளிவானது. 1824இல் ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் ஏற்பட்ட ஒப்பந்தத்தால் பெங்கூலன் கைமாறியது. அங்கிருந்த கைதிகளைச் சிங்கப்பூருக்கு மாற்றினார்கள். 1825 ஏப்ரல் 18 அன்று முதல் தொகுதியாக வந்திறங்கிய 80 பேரும் சென்னை மாகாணக் கைதிகள். அடுத்த அரை நூற்றாண்டில் அந்நகரத்தின் சாலைகளும் பாலங்களும் அரசுக் கட்டடங்களும் இவர்கள் போன்றோரின் உழைப்பில் எழுந்தன. கைதிகளிலேயே நன்னடத்தை உள்ளவர்களைக் காவலர்களாக உயர்த்தும் முறை அங்கே இருந்ததைக் கைதிகள் துறைத் தலைவராயிருந்த மெக்நேர் 1899இல் வெளியிட்ட நூலில் விரிவாகச் சொல்கிறார். அங்கே கைதிகள் கட்டிய புனித ஆண்ட்ரூ தேவாலயத்தின் உட்சுவருக்குப் பூசியது சென்னைச் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவையும் நாட்டுச் சர்க்கரையையும் அடித்துச் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்துப் பூசி, காய்ந்தபின் வழவழப்பான கல்லால் பளபளக்கத் தேய்ப்பார்கள். பழவேற்காட்டுக் கிளிஞ்சலும் காளவாயும் தெரிந்த கரைக்காரருக்கு இந்தக் கைப்பக்குவம் அந்நியமல்ல. தொழில் பெயரும் ஆவணத்தில் ஒரு துப்பு: கொத்தனார், தச்சர், படகோட்டி என்ற குறிப்பு ஊரையும் சாதியையும் உறுதிப்படுத்த உதவும்.

ஆவணம் கிடைத்தாலும் அதை வெளியே சொல்ல வெட்கம் தடுக்கும். 1788 முதல் 1868 வரை ஆஸ்திரேலியாவுக்கு ஏறத்தாழ 1,62,000 கைதிகள் அனுப்பப்பட்டார்கள். அவர்களுடைய சந்ததியார் அந்த உறவை நெடுங்காலம் மறைத்தே வைத்திருந்தார்கள்; இன்று தேடிப்பிடித்துப் பெருமையோடு சொல்கிறார்கள். அந்நாட்டுக் கைதிப் பதிவேடுகள் 2007இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்ந்தன. தமிழ்க் குடும்பங்களில் அந்தத் தெளிவு இன்னும் வரவில்லை. பெண் கொடுக்கும் இடத்தில் பேச்சு வரும் என்று மூத்தவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். இந்த வெட்கத்துக்கு நியாயமில்லை. மொழி தெரியாத நீதிபதி, மொழிபெயர்ப்பாளர் வாயால் சாட்சி கேட்டு எழுதிய தீர்ப்பு, குற்றச்சாட்டின் பதிவே தவிர முழு உண்மையின் பதிவு அல்ல. பஞ்ச காலத்தில் நெல் வண்டியை மறித்தவனுக்கும் தொழில்முறைக் கொள்ளைக்காரனுக்கும் பதிவேட்டில் குற்றப் பெயர் ஒன்றேயாக இருக்கலாம். பாட்டன் குற்றவாளியே ஆனாலும் அவர் பாட்டன்தான். அதேபோல, மருது பாண்டியர் பரம்பரை என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டு, ஒத்துவராத பெயரை ஒட்டிவைப்பதும் கூடாது.

அந்தமான் போனவர்களின் சந்ததிக்கு ஒரு பெரிய இழப்பு உண்டு. 1858 மார்ச்சில் 200 கைதிகளோடு தொடங்கிய அந்தக் குடியேற்றத்தில் ஒவ்வொருவர் கழுத்திலும் எண்ணும் தண்டனைத் தேதியும் பொறித்த மரவில்லை தொங்கியது. நன்னடத்தைச் சீட்டு பெற்றவர்கள் நிலம் வாங்கி, பெண் கைதிகளை மணந்து, தீவிலேயே குடும்பமானார்கள். ஆனால் 1942 முதல் 1945 வரை நடந்த ஜப்பானிய ஆட்சியில் போர்ட் பிளேரின் பழைய பதிவேடுகள் பெரும்பாலும் அழிந்துபோயின. எனவே அந்த வம்சத்தார் தேடலை அனுப்பிய பக்கத்திலிருந்தே தொடங்குகிறார்கள். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்துறையின் போர்ட் பிளேர் பிரிவுக் கோப்புகள் இருக்கின்றன. கைதிகளை அனுப்பிய மாகாணத்தின் நீதித்துறை நடவடிக்கைகள் எழும்பூரில் இருக்கின்றன. தீவில் அழிந்த பதிவின் இடத்தை நிரப்ப இந்த இரண்டையும் ஆண்டுவாரியாக ஒப்பிட்டுப் பார்ப்பதே வழி.