கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே



வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ் கட்டிலில் கிடக்கிறார்களே, அவர்களுடைய வாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கிரியேட்டினின் எவ்வளவு, எத்தனை லிட்டர் நீர் எடுத்தார்கள் என்று பார்க்க வரும் உறவினர்கூட விசாரிக்கிறார். பல் எப்படி இருக்கிறது என்று கேட்க மட்டும் ஆளில்லை.

தண்ணீரை அளந்து குடிக்கிற மனிதருக்கு வாய் எந்நேரமும் வறண்டு கிடக்கிறது. சுரக்கிற கொஞ்ச எச்சிலிலும் யூரியா ஏறியிருக்கிறது. அது அம்மோனியாவாக மாறி வாயில் நாற்றமாகிறது. நாக்கில் இரும்புச் சுவை ஒட்டிக்கொள்கிறது. பிறர் பக்கத்தில் உட்கார்ந்து பேசவே அவர் கூசுகிறார். பற்காரை தடித்துப் படிந்து ஈறு வீங்குகிறது. சிறுநீரக நோய் நாள்பட்டால் பாராதைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்து, தாடை எலும்பிலிருந்தே சுண்ணாம்புச் சத்தை உருவுகிறது. பல் ஆடத் தொடங்குகிறது. சர்க்கரையும் சேர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

பல்தானே, போனால் போகட்டும் என்கிறீர்களா? டயாலிசிஸ் நடக்கும் ஒவ்வொரு முறையும் உடம்பிலிருந்து கொஞ்சம் புரதம் கழிந்துபோகிறது. அதை ஈடுகட்ட கோழிக்கறி, மீன், முட்டை வெள்ளைக்கரு சாப்பிடச் சொல்கிறார்கள். பல் ஆடுகிறவர் கறியை எப்படி மெல்லுவார்? முட்டையை மட்டும் எத்தனை நாள் விழுங்குவார்? மெல்ல மெல்லப் பால், மசித்த வாழைப்பழம், இளநீர் என்று இறங்கிவிடுகிறார். பாலில் பாஸ்பரஸ், பழத்திலும் இளநீரிலும் பொட்டாசியம். சாப்பிட வேண்டியதைக் கடிக்க முடியாமல், தவிர்க்க வேண்டியதையே குடிக்கிறார். பொட்டாசியம் எல்லை மீறினால் இதயமே நின்றுபோகும், ஐயா!

ஐரோப்பாவிலும் அர்ஜென்டினாவிலும் 4,000க்கும் மேற்பட்ட டயாலிசிஸ் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வாயில் ஒரு பல்கூட இல்லை. பல் இழந்தவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்தது. பல் போனதால்தான் இறந்தார்கள் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனால் வாயைப் பார்க்காமல் விட்டுவிடலாம் என்று சொல்ல இனி யாருக்கும் துணிவு வராது.

பல் மருத்துவரிடம் போனால், "கிட்னி டாக்டரிடம் லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்கிறார்கள். அங்கே போனால், "பல் டாக்டரைப் பாருங்க" என்கிறார்கள். நடுவில் நோயாளி மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குகிறார். டைக்ளோஃபெனாக்கும் இப்யூபுரூஃபனும் மிச்சமிருக்கும் கிட்னியையும் தின்றுவிடும். தயவுசெய்து கேட்காமல் வாங்காதீர்கள். பல் எடுக்கும்போது ரத்தம் நிற்காதோ என்ற பயத்துக்கும் வழி இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க டயாலிசிஸில் கொடுக்கும் ஹெப்பாரின் மருந்தின் வேகம் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். அதனால் மறுநாள் பல் எடுப்பதே வழக்கம். பல் மருத்துவரிடம் போகும்போது, டயாலிசிஸ் ஊசிக்காக ஃபிஸ்டுலா போட்ட கையில் பிரஷர் பார்க்க விடாதீர்கள். மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்கள் இன்றே வாயைக் காட்டுங்கள். ஈறில் சீழ் இருந்தால் அறுவை சிகிச்சையே தள்ளிப்போகும்.

இதையெல்லாம் செய்ய ஆளில்லாத ஊரா இது? வேலப்பன்சாவடியில் சவீதா, முகப்பேரில் தாய் மூகாம்பிகை, போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா என்று நம்மைச் சுற்றிப் பல் மருத்துவக் கல்லூரிகள். டயாலிசிஸ் செலவை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வயிற்றுவழி டயாலிசிஸ் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. இவ்வளவு செய்த மாநிலத்தில் டயாலிசிஸ் கட்டிலும் பல் மருத்துவர் நாற்காலியும் இன்னும் சந்திக்கவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

ஆகவே ஒரே ஒரு கோரிக்கை. பிடிஎஸ் முடிக்கும் மாணவர்கள் ஓராண்டு பயிற்சி செய்கிறார்கள். அவர்களில் இருவர், ஒரு பேராசிரியரோடு, மாதம் ஒரு நாள் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதியின் ஒவ்வொரு டயாலிசிஸ் மையத்துக்கும் வரட்டும். அங்கே பல் பிடுங்க வேண்டாம். படுத்திருப்பவரின் வாயைப் பார்த்து, அவருடைய டயாலிசிஸ் நோட்டிலேயே எழுதிவிட்டு, எந்த நாள் கல்லூரிக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனால் போதும். இதைக் கேட்டு மனு தயாராக இருக்கிறது. வாசலில் மேசை போட்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.