எஸ்ஸுக்கு முன்னா, பின்னா?

மே மாதம் இரண்டாவது ஞாயிறு அன்னையர் தினம். ஆங்கிலத்தில் 'மதர்ஸ் டே' என்று எழுதும்போது, அப்பாஸ்ட்ரஃபி என்கிற அந்தச் சின்ன மேற்குறி எஸ்ஸுக்கு முன்னால் வரும். அமெரிக்காவில் இந்த நாளுக்காகப் பாடுபட்ட அன்னா ஜார்விஸ் அதில் உறுதியாக இருந்தார். உலகத் தாய்மார்களுக்கெல்லாம் பொதுவாக அல்ல, அவரவர் தம்மைப் பெற்றவளைப் போற்றவேண்டும் என்பது அவர் எண்ணம். 1914-ல் ஜனாதிபதி உட்ரோ வில்சன் அன்னையர் தினத்தை நாடு முழுமைக்கும் அறிவித்தார்.

நம் செப்டம்பர் 5, 'டீச்சர்ஸ் டே' வேறு மாதிரி. ஆசிரியர்கள் பலர், எனவே குறி எஸ்ஸுக்குப் பின்னால். இன்னொரு எஸ் வேண்டாம்.

சில்ட்ரன், மென், விமென் ஆகியவை எஸ் இல்லாமலே பன்மை. அவற்றுக்கு முதலில் குறி, பிறகு எஸ். 'விமென்ஸ் காலேஜ்' என்பதில் குறியை எஸ்ஸுக்குப் பின்னால் போட்டால் அது பிழைதான்.

காதுக்கு இந்த வித்தியாசம் எட்டாது. 'மை பிரதர்ஸ் ஹவுஸ்' என்றால் வீடு ஓர் அண்ணனுடையதா, அண்ணன்மார் எல்லாருடையதுமா? எழுத்தில் அந்தக் குறிதான் சொல்லும். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் இது சின்ன விஷயமா, யோசித்துப் பாருங்கள்!

பிள்ளைகளுக்கு விதியை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். முதலில் பன்மைச் சொல்லை முழுதாக எழுதச் சொல்லுங்கள். அது எஸ்ஸில் முடிந்தால் குறி மட்டும். முடியாவிட்டால் குறியும் எஸ்ஸும். இன்று மாலையே எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.