நடுக்குவாதமும் மூளைப் படமும்

 

"வயசானா கை நடுங்கத்தானே செய்யும்" என்று நம் கள்ளக்குறிச்சிப் பக்கம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். எல்லா நடுக்கமும் முதுமையால் வருவதில்லை. 1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த நடுக்குவாதமாகவும் அது இருக்கலாம். மூளையில் டோபமின் சுரக்கும் செல்கள் அழிவதால் கை நடுங்கும், உடல் விறைக்கும், நடை தளரும். முதலில் மாத்திரைதான். வருஷங்கள் போகப்போக அதன் பலன் சீராக இருக்காது. அப்போது சிலருக்கு மின்தூண்டல் சிகிச்சை கைகொடுக்கும்.

1987-இல் பிரான்சின் கிரனோபிள் நகரில் பேராசிரியர் பெனாபித் குழுவினர் இதற்கு வழி திறந்தார்கள். மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்கம்பி, மார்புத் தோலுக்கடியில் பேட்டரி. நம் நாட்டில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம், பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் செய்கிறார்கள். நோயை இது குணப்படுத்தாது. அதன் தொல்லைகளை அடக்கும்.

ஆபரேஷனோடு வேலை முடிவதில்லை. கம்பியின் எந்த முனையில் எவ்வளவு மின்சாரம் என்று, ரேடியோவில் முள்ளை நகர்த்தி ஸ்டேஷன் பிடிப்பது போல, டாக்டர் பலமுறை மாற்றிப் பார்க்க வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலிருந்து இறங்கி வரும் ஒருவர் பெங்களூருக்கு எத்தனை நடை நடப்பார்? துணைக்கு வருபவரின் கூலியும் போகுமே!

இங்கேதான் படம் உதவுகிறது. மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்பதை, அங்கே ரத்தத்தில் ஆக்சிஜன் மாறுவதை வைத்து எம்.ஆர்.ஐ. காட்டும். கனடாவில் டொரன்டோ ஆய்வாளர்கள் தூண்டலை விட்டுவிட்டுக் கொடுத்து 67 நோயாளிகளைப் படமெடுத்தார்கள். மின்சாரம் சரியான அளவில் இருந்தபோது, உடல் அசைவை ஆளும் பகுதிகளில் தனியான மாற்றம் தெரிந்தது. அதைக் கற்ற கம்ப்யூட்டர், சரியான அளவு எது என்பதை 88 சதவீதம் பிசகாமல் சொன்னது. 2021-இல் வெளியான முடிவு இது. எல்லா ஆஸ்பத்திரியிலும் நடைமுறைக்கு வந்தால் அலைச்சல் குறையும்.

தம்பி தங்கைகளே, இது டாக்டர்கள் மட்டும் செய்த வேலை இல்லை. பிசிக்ஸும் கணக்கும் கம்ப்யூட்டரும் சேர்ந்த வேலை. நம் ஊரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் திறக்கப்பட்டுவிட்டது. மற்றதை நீங்கள் கொண்டு வர வேண்டும் என்பதே என் ஆசை. அதுவரை, கை நடுங்கும் பெரியவர் யாரும் வீட்டில் இருந்தால் "வயசு" என்று விட்டுவிடாமல் ஒருதரம் நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள்.