முதற்கவளம்



வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் பகுதிச் சிற்றூர்களிலிருந்து தொழில் நாடி வந்து அயனம்பாக்கத்தில் குடியேறிய குடும்பங்களில் ஒரு காட்சி அடிக்கடி நிகழ்கிறது. 6 திங்கள் நிறைந்த குழந்தை, மசித்த பருப்புச் சோற்றை நாவால் வெளியே தள்ளுகிறது. ஊரிலிருக்கும் பாட்டி தொலைபேசியில், “மடியில் கிடத்திப் புகட்டிவிடம்மா” என்கிறார். இளந்தாயோ கலங்கி நிற்கிறாள்.

நாவால் தள்ளுதல் மறுப்பன்று. பாலைச் சப்பி விழுங்கவே பழகிய நா, கெட்டிப் பொருளை வெளியேற்றுவது இயற்கை வைத்த காவல். அது 4ஆம் திங்கள் தொடங்கி மெல்லத் தளரும். தலை நிமிர்ந்து, தாங்கலுடன் அமர்ந்து, பிறர் தட்டை நோக்கிக் கை நீட்டும் குழந்தையே உண்ணக் கற்கும் பருவம் எய்தியது. உலகச் சுகாதார நிறுவனம் 6 திங்கள் நிறைந்ததும் தொடங்கச் சொல்கிறது. 9ஆம் நூற்றாண்டில் ஜினசேனாசாரியர் அருளிய ஆதிபுராணம் வகுத்த 53 கிரியைகளுள் அன்னப்பிராசனமும் ஒன்று என்பதை இங்கு நினைக்கலாம்.

புதிய சுவை ஒன்றை ஏற்கக் குழந்தைக்கு எட்டுப் பத்து முறைகூட ஆகலாம். கிடத்திப் புகட்டினால் உணவு மூச்சுக்குழலுள் சென்றுவிடக்கூடும். எறும்புக்கும் இன்னா செய்ய அஞ்சும் இல்லங்களில், குழந்தையின் வாயை வலிந்து திறப்பது மட்டும் அன்பெனக் கொள்ளப்படுவது வியப்பே! எதை, எப்போது ஊட்டுவது என்பது பெரியவர் பொறுப்பு. எவ்வளவு என்பது குழந்தையின் உரிமை. அது தலையைத் திருப்பினால் கிண்ணத்தை எடுத்துவிடுக. முதல் வாரத்தில் இரண்டு மூன்று கரண்டியே போதும்.

‘கிழங்கும் முட்டையும் இன்றி எப்படி வளரும்?’ என அண்டை வீட்டார் வினவுவர். கேரட்டில் உள்ள மஞ்சள் நிறச் சத்து பரங்கிக்காயிலும் பப்பாளியிலும் உண்டு. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. சமணர் விலக்கும் தேனை, ஓராண்டு நிரம்பும்வரை எக்குழந்தைக்கும் தரலாகாதென மருத்துவமும் விலக்குகிறது. உப்பும் சர்க்கரையும் அவ்வாறே. வேர்க்கடலை விளையும் ஊரினர் ஒன்று கருதுக: முழுக்கடலை 5 வயதுவரை ஆகாது.

ஆயினும் நெறியைக் காட்டிக் குறையை மறைத்தல் தகாது. இந்தியாவில் 6 முதல் 59 திங்கள் வரையுள்ள குழந்தைகளுள் நூற்றுக்கு 67 பேருக்கு இரத்தசோகை உண்டென 2019–21ஆம் ஆண்டு தேசியக் குடும்பநல ஆய்வு கண்டது. பருப்பும் கீரையும் மசித்துச் சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்தால் அவற்றின் இரும்புச்சத்து நன்கு உடலில் சேரும். வாரம் இருமுறை 1 மில்லி இரும்புச்சத்து மருந்தை அரசே இவ்வயதினர்க்கு வழங்குகிறது; மருத்துவரைக் கேட்டுப் பெறுக. பி12 சத்து தாவர உணவில் இல்லை. பாலிலும் தயிரிலும் உண்டு. தாய்க்கு அது குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். ஆகவே தாயின் இரத்தத்தையும் சோதித்தல் நன்று.

இனி, இரவுணவு. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பணி முடித்துத் தாய் வீடு சேர 7 மணி ஆகிவிடுகிறது. மாலை ஐந்தரைக்கே வீட்டிலுள்ளோர் கூழோ குழைந்த சோறோ ஊட்டிவிட்டால் நியமமும் காக்கப்படும், குழந்தையும் பசியாறும். என்றேனும் தவறிப்போய் இருட்டியபின் அது பசித்தழுதால், நோன்பு இன்னதென அறியாத அச்சிறு உயிரைக் காக்க வைத்தல் வேண்டா. தாய் வந்ததும் தாய்ப்பால் இருக்கிறது. 2 ஆண்டு வரையும் அதற்குப் பின்னும் அதனைத் தொடரலாம்.