ஒரே வட்டி விகிதம், வேறு வேறு சந்தைகள்



பழவங்காடியிலிருந்து சில நிமிட நடையில் சாலைக் கடைத்தெரு உள்ளது. திருவிதாங்கூர்த் திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் உருவான அந்தச் சந்தையில் தமிழும் மலையாளமும் ஒருங்கே ஒலிக்கின்றன. 1956 நவம்பர் 1 அன்று நாகர்கோவில் பகுதி அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. மாநில எல்லை மாறிற்று. ஆனால் தெற்கிலிருந்து வேலை தேடி வருவோரின் வழி மாறவில்லை. உழைப்புச் சந்தையின் எல்லைகள் வேறு, ஆட்சி எல்லைகள் வேறு.

இந்நகரின் உள்ளூரில் இயங்கும் வளர்ச்சி ஆய்வு மையம், பேராசிரியர் கே. என். ராஜ் அவர்களின் முயற்சியால் தோன்றியது. வறுமை, வேலையின்மை பற்றி அது நடத்திய கேரள ஆய்வை 1975இல் ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்டது. கல்வியிலும் சுகாதாரத்திலும் முன்னேறிய மாநிலத்தில் வேலையின்மை மிகுந்திருப்பது ஏன் என்ற வினா இன்றும் நீடிக்கிறது.

2023-24ஆம் ஆண்டின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, கேரளத்தில் 15 முதல் 29 வயதினரிடையே வேலையின்மை 29.9 சதவீதம். அதே வேளையில், 2013இல் குலாத்தி நிதி மற்றும் வரியியல் நிறுவனம் மேற்கொண்ட ஆய்வு, வெளிமாநிலத் தொழிலாளர் சுமார் 25 லட்சம் பேர் இங்கு இருப்பதாக மதிப்பிட்டது. இது முரண்பாடு போலத் தோன்றலாம். படித்த இளைஞன் நாடுவது வேறு வேலை. கட்டடத் தளத்தில் காத்திருப்பது வேறு வேலை. ரிசர்வ் வங்கியின் தொகுப்பின்படி 2022-23இல் கேரளக் கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாட்கூலி ரூ. 852.50, மத்தியப் பிரதேசத்தில் ரூ. 278.70. இவ்விடைவெளியே மக்களைத் தெற்கு நோக்கி ஈர்க்கிறது.

கூலியை உயர்த்திய காரணங்களுள் தொழிற்சங்கங்களின் வலிமையோடு வளைகுடாப் பணமும் ஒன்று. 2023ஆம் ஆண்டின் கேரளப் புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டிலிருந்து வந்த தொகையை ரூ. 2,16,893 கோடி என மதிப்பிட்டது. இப்பணம் வீடுகளாக எழுந்து வேலை தந்தது. எனினும், வெளிநாடு சென்றவர் உள்ள குடும்பங்கள் மாநிலத்தில் சிறுபான்மையே. ரூபாயின் மதிப்புக் குறையும்போது திர்ஹத்தில் ஊதியம் பெறும் குடும்பத்துக்குக் கூடுதல் ரூபாய் கிடைக்கிறது. நாட்கூலித் தொழிலாளிக்கு விலையேற்றம் மட்டுமே கிட்டுகிறது.

இங்கேதான் நாணயக் கொள்கை குறுக்கிடுகிறது. மன்னராட்சிக் காலத்தில் இப்பகுதிக்குச் சக்கரம் என்ற தனி நாணயம் இருந்தது. இன்று நாடு முழுவதற்கும் ஒரே ரூபாய், ஒரே ரெப்போ விகிதம். 2016இல் திருத்தப்பட்ட சட்டத்தின் கீழ் பணவீக்க இலக்கு 4 சதவீதமாக வகுக்கப்பட்டது. 2025 ஜூனில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 2.10 சதவீதம், கேரளத்தில் அது 6.71 சதவீதம். அம்மாதமே ரெப்போ விகிதம் 5.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. தேசியச் சராசரியை நோக்கின் அம்முடிவு பொருத்தமானதே. ஆனால் சராசரியில் எவரும் சமைத்து உண்பதில்லை.

வட்டி குறைந்தால் வீட்டுக்கடன் மலிவாகும். கட்டட வேலை பெருகி, தொழிலாளிக்கு வேலை நாட்களும் கூடலாம். அந்தப் பயன் மெல்ல வரும். தேங்காய் எண்ணெயின் விலை அன்றே தாக்கும். அரசு ஊழியருக்கு அகவிலைப்படி உண்டு. அன்றாடக் கூலிக்கு அத்தகைய காப்பு இல்லை. வட்டியை உயர்த்தினாலும் தென்னை கூடுதலாகக் காய்த்துவிடாது.

ஆகவே, வட்டி விகிதத்தால் இயலாததை வேறு கருவிகளே செய்தல் வேண்டும். 1974 முதல் இயங்கும் கேரள சிவில் சப்ளைஸ் கழகத்தின் விலைத் தலையீடு அவற்றுள் ஒன்று. எந்த மாநிலத்திலும் ரேஷன் பெற வழிசெய்யும் ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் மற்றொன்று. புலம்பெயர்ந்தோர் அதனை அறிந்து பயன்படுத்தச் செய்வது உள்ளாட்சிகளின் கடமை. குறைந்தபட்சக் கூலியைத் திருத்துவோர் அந்தந்த மாநில விலைக் குறியீட்டையே அளவுகோலாகக் கொள்ளல் வேண்டும்.

சாலைக் கடைத்தெருவில் சுமை இறக்குபவர் ரெப்போ விகிதத்தை அறியாமலிருக்கலாம். அவருடைய கூலி எத்தனை கிலோ அரிசிக்கு ஈடாகிறது என்பதைக் கொள்கை வகுப்போர் அறிந்திருத்தல் வேண்டும்.