தீயும் வறட்சியும் தாங்கும் வீட்டுத் தோட்டம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இயலும் இசையும் நாடகமும் நிறைந்த இவ்விழாவில் செடி கொடிகளைப் பற்றி ஓர் உரை எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், தொலைவிலிருந்து வந்து கொல்கத்தாவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், மொட்டைமாடியிலோ பால்கனியிலோ நான்கு தொட்டிகளேனும் இல்லாத வீடு அரிது. அத்தொட்டிகளில் எதை நடுவது, எதை நடாமலிருப்பது என்பது வெறும் அழகு பற்றிய கேள்வியன்று. வீட்டின் பாதுகாப்பைப் பற்றிய கேள்வியுமாகும். இதனை நாங்கள் நூலறிவால் உணரவில்லை, பட்டு உணர்ந்தோம். அதனை முதற்கண் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், கோடை விடுமுறைக்கு வழக்கம்போல் குடும்பத்தோடு ஊருக்குச் சென்றோம். நாற்பது நாள் கழித்துத் திரும்பியபோது மாடித் தோட்டம் சுடுகாடாய்க் கிடந்தது. ரோஜா பட்டுப்போயிற்று, துளசி குச்சியாய் நின்றது, மூங்கில் தட்டியின்மேல் படர விட்டிருந்த மல்லிகைக் கொடி சருகாயிற்று. பசுமையாக இருந்தது ஒன்றே ஒன்று. கண்ணேறு படாதிருக்க வாசல் நிலையில் தலைகீழாய்க் கட்டித் தொங்கவிட்டிருந்தோமே, அந்தச் சோற்றுக் கற்றாழைதான்! மண்ணுமில்லை, நீருமில்லை, ஆயினும் அது வாடவில்லை.

மழை பெய்தால் மல்லிகை துளிர்க்கும் என்று நம்பி அதனை வெட்டாது விட்டோம். மழை வந்தது, போயிற்று, கொடி துளிர்க்கவில்லை. தீபாவளியை நாம் வைகறையில் எண்ணெய் முழுக்கோடு கொண்டாடுகிறோம். வங்காளத்தாருக்கோ காளி பூஜை இரவே ஒளித் திருநாள். அவ்விரவில் எங்கிருந்தோ பறந்து வந்த வாணம் ஒன்று அந்தச் சருகின்மேல் விழுந்தது. கண்மூடித் திறப்பதற்குள் கொடியும் தட்டியும் கீழே குவித்திருந்த தேங்காய் நாரும் பற்றிக்கொண்டன. அண்டை வீட்டு வங்காளி இளைஞர்கள் வாளி வாளியாய் நீர் சுமந்து வந்திராவிடில் என்ன ஆகியிருக்குமோ! எவருக்கும் தீங்கில்லை. மறுநாட் காலையில் சாம்பலை அள்ளியபோது ஒன்றைக் கண்டோம். தட்டிக்கு ஒரு முழத் தொலைவில் இருந்த தொட்டிக் கற்றாழையின் மடல்கள் ஒருபுறம் வெந்து கருகியிருந்தனவேயன்றி, எரியவில்லை.

அன்பர்களே! வறட்சியும் தீயும் வேறு வேறு பகைகள் என்று எண்ணியிருந்தோம். அவை இரண்டும் உடன்பிறப்புகள் என்பதை அன்று அறிந்தோம். வறட்சி கொன்ற செடியே தீக்கு விறகாகிறது. ஆகவே ஒன்றைத் தாங்கும் செடியைத் தேர்ந்தால் மற்றதற்கும் பெரும்பாலும் காப்பாகும்.

இதன் காரணம் எளியது. அடுப்பில் வைத்த நீர் கொதிக்க எவ்வளவு நேரமாகிறது, அதே நீர் முழுதும் வற்றிப்போக எவ்வளவு நேரமாகிறது என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள். கொதிக்க வைக்கச் செலவாகும் வெப்பத்தைப்போல் ஆறு மடங்குக்கு மேல் ஆவியாக்கச் செலவாகிறது. இலையில் நீர் உள்ளவரை நெருப்பின் வெப்பமெல்லாம் அந்நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். நீர் போன பின்னரே இலை எரியும். கற்றாழைச் சோற்றில் 100-க்கு 98 பங்கு நீரே. அதனாலேயே அது விரைவில் பற்றுவதில்லை. இதற்கு மாறாக, பிசினும் எண்ணெயும் மிகுந்த ஊசியிலை மரங்களும் யூகலிப்டஸும் எளிதில் பற்றும். காட்டுத்தீயால் பெருந்துன்பம் உற்ற கலிஃபோர்னியாவில் வீட்டுச் சுவரை ஒட்டிய ஐந்தடிக்குள் எரியக்கூடிய பொருளே இராதபடி காக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள். எனினும் ஒன்றை மறவாதீர்கள்: எரியவே எரியாத செடி என்று உலகில் ஒன்றில்லை. எளிதில் பற்றாத செடி உண்டு. அதுவும் நாம் பேணினால்தான்.

நீரைச் சேமிக்கும் இவ்வித்தையைச் செடிகள் எவ்வாறு கற்றன? பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை உட்கொள்கின்றன. அப்போது நீரும் ஆவியாய் வெளியேறிவிடும். கற்றாழை, ரணகள்ளி போன்றவை இரவின் குளிர்ச்சியில் துளைகளைத் திறந்து, உட்கொண்ட கரியமில வாயுவைப் புளிப்பாக மாற்றிச் சேமித்து வைத்துக்கொள்கின்றன. பகலில் துளைகளை மூடிக்கொண்டு, சேமித்ததைச் செலவிடுகின்றன. சிக்கனமான குடும்பத் தலைவியைப் போன்றவை அவை!

இந்த உண்மையின் முதற் குறிப்பு நம் சென்னை மாகாணத்தோடு தொடர்புடையது என்பதை அறிந்தால் மகிழ்வீர்கள். கும்பினியாரின் தாவரவியலாராகச் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஹைன் என்பார், ரணகள்ளியின் இலை காலையில் புளிக்கிறது, நண்பகலில் சுவையற்றுப் போகிறது, மாலையில் சற்றே கசக்கிறது என்று நாவால் சுவைத்தே கண்டறிந்து எழுதினார். அக்குறிப்பு 1815-இல் லண்டன் லின்னேயன் சங்க வெளியீட்டில் அச்சாயிற்று. அவருக்கு முன் அதே பணியில் சாமல்கோட்டைத் தோட்டத்தில் இருந்தவர் வில்லியம் ராக்ஸ்பரோ. அவர் 1793-இல் சென்னை மாகாணத்தை விட்டு இங்கு வந்து, 1787-இல் நிறுவப்பட்ட சிப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்றார். தெற்கிலிருந்து வடக்கே பணிமாற்றம் பெற்று வருவது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று! அப்பூங்காவை, பெரிய ஆலமரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், ஒருமுறை முழுதும் சுற்றிப் பாருங்கள்.

இனி நடைமுறைக்கு வருவோம். செடி தேர்வதற்குமுன் இம்மண்ணின் பருவத்தை உணர வேண்டும். நாம் ஊர்ப் பஞ்சாங்கத்தை மனத்தில் வைத்தே தோட்டம் போடுகிறோம். பிழை அங்கேதான் தொடங்குகிறது. சென்னையில் ஆண்டு மழையின் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிப் பெய்கிறது. கொல்கத்தாவிலோ ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழையில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் முடிய நான்கே மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். ஊரில் மழை தொடங்கும்போது இங்கு மழை முடிகிறது. பின்னர்க் கால்வைசாகிப் புயல்மழை எப்போதோ வந்து போவதைத் தவிர, வைகாசி வரை வறட்சியே. 2024 ஏப்ரல் 30 அன்று அலிப்பூரில் வெப்பம் 43 டிகிரியைத் தொட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

ஆதலின் இங்கு ஒரு செடிக்கு இரண்டு தேர்வுகள் உண்டு: சித்திரை வெயிலையும் தாங்க வேண்டும், ஆடி மழையையும் தாங்க வேண்டும். கற்றாழை இனங்கள் இந்நகரில் பெரும்பாலும் தாகத்தால் சாவதில்லை. வேர் அழுகியே சாகின்றன. இதற்கு மருந்து மண்கலவையில் இருக்கிறது. தோட்ட மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு பருமணலும் பொடி செங்கல் ஜல்லியும் கலக்க வேண்டும். தொட்டியின் அடித்துளை அடைபடாமல் ஓட்டுச் சில்லு வைக்க வேண்டும். பெருமழை நாள்களில் தாழ்வாரத்தின் கீழ் நகர்த்திவிட வேண்டும். தொட்டியின் அடியில் தட்டு வைத்து நீர் தேக்காதீர்கள். டெங்குக் கொசு அதில் ஒரே வாரத்தில் பெருகிவிடும்.

எந்தெந்தச் செடிகள்? எங்கள் மாடியில் தேறியவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, சோற்றுக் கற்றாழை. வங்காளத்தார் கிருதகுமாரி என்பர். இரண்டாவது, ரணகள்ளி, இங்கு பாத்தர்குச்சி. இலை ஒன்றை மண்ணில் கிடத்தினாலே கன்றுகள் முளைக்கும். மூன்றாவது, பிரண்டை. துவையலுக்கு ஆகும், சதைப்பற்றுள்ள தண்டு, ஒரு மாதம் கவனிப்பாரின்றிக் கிடந்தாலும் சாகாது. நான்காவது, கற்பூரவள்ளி. குழந்தையின் சளிக்கு நம் பாட்டிமார் தேடிய இலை. தடித்த இலையில் நீரைத் தேக்கி வைக்கும். ஐந்தாவது, மருள். வாள்போல் நிமிர்ந்த இலைகள், நிழலிலும் வளரும். இதன் தாவரவியற் பெயரிலேயே ராக்ஸ்பரோவின் பெயர் நிலைத்திருக்கிறது. பூ வேண்டுவோருக்குப் பத்துமணிப் பூவும், இங்கு நயன்தாரா எனப்படும் நித்தியகல்யாணியும் உண்டு. தரையில் இடமுள்ளோர் அரளி நடலாம். தாகூர் தம் நாடகம் ஒன்றுக்குப் பெயரிட்ட கரபி இதுவே. வறட்சிக்கு அஞ்சாதது, ஆனால் இலை, பூ, தண்டு அனைத்தும் நஞ்சு, எரித்தால் புகையும் தீங்கு. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம். இவற்றைப் பெற அதிகம் செலவில்லை. ஞாயிறுதோறும் கூடும் கலிஃப் தெருச் சந்தையில் பல கிடைக்கும். மற்றவை அண்டை வீட்டுக் கிளையிலிருந்தே கிடைக்கும்.

தவிர்க்க வேண்டியவை எவை? வாயிலின் இருபுறமும் அழகுக்காக நிறுத்தும் தூஜா, காய்ந்த ஓலை தொங்கும் பனைவகைகள், சுவரை ஒட்டிய மூங்கில் புதர் ஆகியவற்றை வீட்டுக்கு அருகில் வைக்காதீர்கள். காகிதப்பூக் கொடி வறட்சியைத் தாங்கும். ஆனால் உதிர்ந்த பூவும் சருகும் காகிதமாகவே எரியும். ஆகையால் நாள்தோறும் பெருக்க வேண்டும். சமையலறைச் சன்னல், மின்மானிப் பெட்டி, குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டி ஆகியவற்றின் அருகே கொடி படர விடாதீர்கள். காளி பூஜைக்கு ஒரு வாரம் முன்னதாகவே மாடியில் சருகு, நார், பழைய தட்டி, சாக்கு எல்லாவற்றையும் அகற்றிவிடுங்கள்.

மற்றொன்றையும் வலியுறுத்துவது எங்கள் கடமை. 2010 மார்ச் 23 அன்று பார்க் தெருவின் ஸ்டீஃபன் கோர்ட் கட்டடத்தில் நேர்ந்த தீயில் 40-க்கும் மேற்பட்டோர் உயிர் நீத்தனர். மொட்டைமாடிக்குச் செல்லும் வழி பூட்டியிருந்தது என்று அந்நாளில் செய்திகள் கூறின. நாம் அடுக்கு வீடுகளில் வாழ்கிறோம். இடமில்லை என்று படிக்கட்டில் தொட்டிகளை அடுக்குகிறோம். மாடிக் கதவின்முன் வரிசையாய் நிறுத்துகிறோம். பகலில் அழகாய் இருக்கும் அத்தொட்டி, புகை சூழ்ந்த இரவில் ஒரு முதியவரின் காலை இடறிவிடும். எந்தச் செடியும், தீத்தாங்கும் செடியேயாயினும், வழியில் நிற்கலாகாது.

‘அப்படியானால் மல்லிகை வேண்டாமா? கறிவேப்பிலை வேண்டாமா? துளசி மாடமும் வேண்டாமா?’ என்று தாய்மார்கள் கேட்பது எங்கள் செவியில் விழுகிறது. கற்றாழையை மட்டும் வைத்துக்கொண்டு தமிழ் வீடு நடக்காது என்பதை நாங்களும் அறிவோம். நீர் வேண்டும் செடிகளைச் சிலவாகக் குறைத்து, ஒரே இடத்தில், கைக்கெட்டும் தொலைவில் வையுங்கள். சுற்றிலும் கற்றாழையும் மருளும் வேலியாய் நிற்கட்டும். பட்ட கிளையை அன்றே வெட்டுங்கள். துளிர்க்கும் என்று சருகை வைத்திருந்த எங்கள் பிழையை நீங்கள் செய்ய வேண்டாம்.

துளசிக்கு வழி கற்பித்தவர் எங்கள் அண்டை வீட்டு வங்காளி மூதாட்டியார். நம் சித்திரையே அவர்களுக்கு வைசாகம். அம்மாதம் முழுதும், அடியில் சிறு துளையிட்ட மண்கலயத்தைத் துளசியின்மேல் கட்டித் தொங்கவிட்டுச் சொட்டுச் சொட்டாய் நீர் விழச் செய்வது அவர்கள் வழக்கம். அதற்கு ஜாரா என்று பெயர். கேட்டதும் எங்களுக்கு அக்கினி நட்சத்திரத்தில் திருவண்ணாமலையில் இறைவனுக்கு நடக்கும் தாராபிஷேகம் நினைவுக்கு வந்தது. வெயிலில் வாடும் உயிருக்குத் துளித்துளியாய் நீர் தர வேண்டும் என்னும் அறிவு இரு நாட்டாருக்கும் பொதுவாய் இருக்கிறது! அடுத்த ஆண்டு நாங்கள் ஊருக்குப் புறப்பட்டபோது, அவ்வம்மையார் தம் கையாலேயே எங்கள் துளசிக்கு ஜாரா கட்டினார்; நாள்தோறும் கலயத்தை நிரப்பினார். திரும்பி வந்தபோது துளசி பூத்து நின்றது. நாங்கள் ஊரிலிருந்து கொண்டு வந்த கறிவேப்பிலைக் கன்று ஒன்றை அவருக்குக் கொடுத்தோம். அது இன்று அவர் வீட்டு முற்றத்தில் எங்கள் செடியை விட உயரமாக வளர்ந்திருக்கிறது.

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு விழாவுக்கு வருவோர் வீட்டுக்கு ஒரு பிரண்டைத் துண்டோ ரணகள்ளி இலையோ கொண்டு வரட்டும். இல்லாதவர் பெற்றுச் செல்லட்டும். கோடையில் ஊருக்குச் செல்வோரின் செடிகளை, செல்லாதோர் முறைவைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். அப்போதே மாடிப் படிக்கட்டையும் கதவையும் ஒருமுறை பார்த்து, தடையிருந்தால் நீக்கட்டும். இதற்குப் பெரும் பொருள் வேண்டா; அண்டை வீட்டாரின் பெயரை அறிந்திருந்தால் போதும்.

உங்கள் இல்லங்கள் பசுமையுற்று ஓங்குக!